பாவமும் இருதயமும்: வேதாகமத்தில் முரணாகத் தோன்றும் இடங்கள்

மனித இருதயம் தீராத கேட்டில் கிடக்கிறதா, திருந்த வல்லதா என்பதில் கிறிஸ்தவ வேதாகமம் தன்னையே மறுத்துப் பேசுவதுபோலத் தோன்றும் இடங்கள் பல. எரேமியா 17:9 இருதயத்தை வஞ்சகமும் ஆறாத நோயும் கொண்டதாகக் காண்கிறது; மத்தேயு 5:8 இருதய சுத்தமுள்ளவர்களை வாழ்த்துகிறது. நீதிமான் ஒருவனும் இல்லை என வாதிடுகிறது ரோமர் 3. லூக்கா 1:6 சகரியாவையும் எலிசபெத்தையும் குற்றமற்றவர்கள் என்கிறது.

இவற்றுள் மிகக் கடினமானது எசேக்கியேல் என்னும் ஒரே நூலுக்குள் இருக்கிறது. மக்கள் தாங்களே தங்களுக்குப் புது இருதயம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது 18:31இன் கட்டளை. கடவுளே அதைத் தருவார் என்பது 36:26இன் வாக்குறுதி. காலத்தைப் பார்த்தால் சிக்கல் பெருமளவு தளர்கிறது. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களில் எசேக்கியேலும் ஒருவர். அப்பன்மார் புளித்த திராட்சை தின்றதற்குப் பிள்ளைகளின் பல் கூசுவதாக அன்று ஒரு பழமொழி வழங்கியது. முன்னோர் பாவத்தைக் காட்டித் தப்பிக்கும் அந்தப் பேச்சை உடைப்பதற்காகவே 18ஆம் அதிகாரம் ஒவ்வொருவர் பொறுப்பையும் அவரவர் தலையில் வைக்கிறது. 33ஆம் அதிகாரத்தில் எருசலேம் விழுந்த செய்தி வருகிறது. அதற்குப் பிறகு பேசப்படும் 36ஆம் அதிகாரம், எல்லாம் இழந்து நிற்பவர்களுக்கானது. அவர்களிடம் கட்டளையிட இனி என்ன இருக்கிறது?

மனித முயற்சியா, இறையருளா என்னும் இந்த வினா தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர், வைணவ ஆசாரியர் இராமானுசர் பிறந்த ஊர். அவர் வழிவந்தவர்களில் வடகலையார் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தென்கலையார் தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் காட்டி இதையே விவாதித்தனர். பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி இராமானுசரிடமிருந்து நிறையப் பெற்றுக்கொண்டவர். யோவான் சுவிசேஷத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியவர்.

அந்தச் சுவிசேஷத்திலேயே, வினைப்பயன் பேசும் நம் ஊரில் தவிர்க்க முடியாத ஒரு சிக்கல் உண்டு. முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயில் கிடந்தவனை, இதிலும் கேடானது வராதபடி இனிப் பாவம் செய்யாதே என்று எச்சரிக்கிறார் இயேசு (5:14). பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் கேட்டபோதோ, அவனும் அவன் பெற்றோரும் செய்த பாவம் காரணமல்ல என்கிறார் (9:3). முன்னது, குணமடைந்த ஒருவனுக்கு வருங்காலம் பற்றிச் சொன்னது. எல்லா நோய்க்கும் பொதுவிதியாகச் சொன்னதல்ல. நோயாளியின் கட்டிலருகே நின்று அந்த வசனத்தை மட்டும் ஓதுவது கொடுமை.

யோவானின் முதல் நிருபம், பாவமில்லை என்போர் தங்களையே ஏமாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு (1:8), தேவனால் பிறந்தவன் பாவம் செய்யான் என்றும் சொல்கிறது (3:9). விசுவாசி ஒரே வேளையில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்பது லூத்தரின் விடை. ஞானஸ்நானத்துக்குப் பின் எஞ்சும் இச்சை பாவச் சாய்வேயன்றிப் பாவமல்ல என்று 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் வகுத்தது. தமிழில் இதற்கு ஒரு காப்பியமே விளக்கம் தருகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஒரு யாத்திரிகனின் பயணத்தைச் சொல்லும் ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியமாக்கினார். பனியன் கதையில் பாவச்சுமை சிலுவையடியில் விழுந்துவிடுகிறது; போராட்டங்களோ அதற்குப் பின்னும் தொடர்கின்றன. நிருபத்தின் இரு கூற்றுகளுக்கும் இதைவிடத் தெளிவான விளக்கவுரை அரிது.

1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மனித இருதயம் தீராத கேட்டில் கிடக்கிறதா என்னும் சிக்கல் பிற சமயத்தாரைப் பற்றிய விவாதமானது. மாநாட்டுக்கென நூல் எழுதிய டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், மனிதனின் சமயத் தேடலுக்கும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் இடையில் தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டார். இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான பி. செஞ்சையா, வி. சக்கரை முதலானோர் அதே ஆண்டு வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு வேறு திசையில் நடந்தது. ரோமர் 3ஐ ஒரு தரப்பு காட்டினால், நியாயப்பிரமாணம் புறஜாதியார் இருதயத்திலும் எழுதப்பட்டிருப்பதாகக் கூறும் ரோமர் 2:15ஐ மறுதரப்பு காட்ட முடியும். செஞ்சையா இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கவில்லை. மீட்பின் மையம் பாவமன்னிப்பு அல்ல, கிறிஸ்துவில் தொடங்கிய புதுப்படைப்பே என்றார்.