சாமியறைச் சரஸ்வதி வந்த வழி

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் சாமியறைச் சுவரில் இருக்கும் சரஸ்வதி படத்தைப் பற்றிக் கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "அது பூட்டி காலத்துப் படம். கையால கீறினது. இந்தியாவில இருந்து வந்தது." இந்தியாவில் இருந்து வந்தது சரி. பூட்டி காலம் என்பதும் சரியாக இருக்கலாம். நடுவில் நிற்கும் "கையால கீறினது" என்பதுதான் இடறும்.

படத்தை இறக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணச் சாந்தால் மேடு கட்டி, தங்கத் தாள் பதித்திருந்தால் அது தஞ்சாவூர்ப் படம். கண்ணாடியின் பின்புறத்திலேயே வண்ணம் இருந்தால் கண்ணாடி ஓவியம். இரண்டும் இல்லாமல் தாளாக இருந்தால், பூதக்கண்ணாடியை அம்மனின் கன்னத்தருகே பிடிக்க வேண்டும். தூரிகை இழுத்த தடத்துக்குப் பதிலாகப் புள்ளிகள் தெரியும். அவை வரிசை பிசகாமல் நின்றால் பிற்காலத்து ஆப்செட் அச்சு. சிவகாசி நாட்காட்டிப் படங்களின் உறவுக்காரி. மணல் தூவியதுபோல் ஒழுங்கின்றிக் கிடந்தால் அது கல்லச்சு. மேலே வார்னிஷ் மினுக்கமும், துணியில் வரைந்ததுபோல் சொரசொரப்பும் இருந்தால் ஒலியோகிராஃப். எண்ணெய் ஓவியம் என்று கண் நம்பும்படி செய்த அச்சுப்படம் அது. பூட்டியின் கண்ணும் நம் கண்ணும் ஏமாறியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காகவே செய்த வேலைதானே.

அந்தச் சரஸ்வதியின் பிறந்த வீட்டைத் தேடினால், பெரும்பாலும் ராஜா ரவிவர்மாவின் வாசலில் போய் நிற்போம். 1848இல் திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தவர். எண்ணெய் வண்ண வித்தையைக் கற்றுத்தர அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயுடு மறுத்தார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து இரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அது உண்மையானால், யாழ்ப்பாணத்துச் சரஸ்வதியின் வமிசாவளியில் ஒரு தமிழ்க் கையும் உண்டு.

ரவிவர்மா 1896இல் வரைந்த சரஸ்வதி பரோடா அரண்மனைக்குப் போனாள். அங்கே அவளைப் பார்க்க எத்தனை பேரால் முடியும்? அரண்மனைக்குப் போக முடியாதவர்களின் வீட்டுக்கு அவளே வந்தாள். அதற்கு வழி செய்தது ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம். இயந்திரமும் தொழில்நுட்பமும் ஜெர்மனியிலிருந்து வந்தன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். கொழுப்பு மையால் கல்லின்மேல் வரைந்து, நீரும் எண்ணெயும் ஒட்டாது என்ற எளிய உண்மையை வைத்து, ஒரே தாளைக் கல்லுக்குக் கல் மாற்றி அழுத்தி எடுப்பார்கள். ஒரு கல் மயிரிழை விலகினாலும் அம்மனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். பம்பாயைக் கொள்ளைநோய் ஆட்டிவைத்த பிறகு, 1899இல் அச்சகம் லோனாவ்லாவை அடுத்த மளவ்லிக்கு இடம்பெயர்ந்தது. கடன் முற்றியபோது அங்கே வேலை செய்த ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் அதை வாங்கினார். 1906இல் ரவிவர்மா மறைந்த பின்னும் அவர் பெயரில் படங்கள் வந்துகொண்டிருந்தன. 1972இல் தீப்பிடித்து அச்சகம் அழிந்தது.

இந்த வரலாறு எல்லாம் படத்தின் அடியில் ஒரு வரியில் சுருங்கிக் கிடக்கும். பம்பாய் என்று மட்டும் இருந்தால் ஆரம்ப காலத்ததாக இருக்கலாம். கார்லா, மளவ்லி, லோனாவ்லா என்ற பெயர்கள் இருந்தால் இடம் மாறிய பிறகு அச்சானது. "அனந்த் சிவாஜி தேசாய், மோதி பஜார்" என்று இருந்தால் அது ஓவியர் பெயரல்ல, விற்றவர் பெயர். சட்டம் போட்டவர் அளவுக்காக இந்த வரியைக் கத்தரித்திருந்தால், படத்தின் பிறப்புப் பத்திரமே குப்பைக்குப் போயிற்று என்று கொள்ள வேண்டியதுதான்.

கடலைத் தாண்டும் வழிகளுக்குக் குறைவில்லை. சிதம்பரத்துக்கு யாத்திரை போய் வந்தவர்கள் இருந்தார்கள். இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடிய வணிகத் தோணிகள் இருந்தன. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. எந்த வழியாக வந்தது என்பதைப் படம் சொல்லாது. எப்போது சட்டத்துக்குள் போனது என்பதைச் சில வேளை சொல்லும். பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே செருகிய பழைய பத்திரிகைத் தாளை எடுத்துப் பாருங்கள். அது 'ஈழகேசரி'யின் தாள் என்றால், அந்தப் பத்திரிகை தொடங்கிய 1930க்கு முன் அந்தத் தாள் உள்ளே போயிருக்க முடியாது. ஆனால் படம் அதைவிட மூத்ததாக இருக்கலாம். சட்டத்தின் வயதும் படத்தின் வயதும் ஒன்றல்ல. தேடுபவர்கள் முதலில் தவறுவது இந்த இடத்தில்தான்.

சுவரில் ஏறிய பிறகு படத்துக்கு இன்னொரு வாழ்க்கை தொடங்குகிறது. கண்ணாடியின்மேல் வைத்த சந்தனமும் குங்குமமும், விளக்குப் புகையின் மஞ்சள், சரிகை ஒட்டிய சேலை, நவராத்திரிக்கு நவராத்திரி முன்னால் அடுக்கிய ஏடும் புத்தகமும். அச்சகத்திலிருந்து ஒரே முகத்தோடு புறப்பட்ட ஆயிரம் சரஸ்வதிகளில் ஒருத்தி, இப்படித்தான் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவள் ஆனாள். மூலப்படமா, அச்சா என்ற கேள்விக்கு இங்கே அவ்வளவு மதிப்பில்லை. ஏலக்காரருக்கு அது அச்சு. வீட்டுக்கு அது ஒன்றே ஒன்று.

பிறகு 1995 ஒக்டோபர் 30 வந்தது. போர் நெருங்கியதால், ஒரே இரவில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே எழுந்து, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. காணி உறுதியும் நகையும் எடுப்பதே பெரும்பாடு. கண்ணாடி போட்ட படத்தை யார் தூக்குவது? அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. இருந்த சுவர்களில் படம் தொங்கிய இடம் மட்டும் வெளிறிய சதுரமாக நின்றது. தப்பிய படங்களைக் கறையானும் ஈரமும் பார்த்துக்கொண்டன. இன்றைக்கு ஒரு யாழ்ப்பாண வீட்டில் முழுதாக ஒரு பழைய படம் இருக்கிறது என்றால், அது மளவ்லியிலிருந்து வந்த தூரத்தைவிட, அந்த ஓர் ஆண்டைக் கடந்து வந்ததே பெரிய பயணம்.

அச்சகத்தின் கதையை எழுதிவைக்க ஆட்கள் இருந்தார்கள். பூட்டியின் படம் யார் சீதனத்தோடு எந்த வீட்டுக்குப் போனது, எந்த இடப்பெயர்வில் யார் தோளில் ஏறியது என்பதை அந்த வீட்டார் தவிர வேறு யாரும் எழுத முடியாது. ஆகவே, புது பிறேம் போடக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். படத்தின் முன்னும் பின்னும் புகைப்படம் எடுங்கள். அடிவரியைக் கத்தரிக்க விடாதீர்கள். கண்ணாடியோடு தாள் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பழைய பத்திரிகைத் தாளை எறியாதீர்கள். பிறகு அம்மம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்வதைத் திகதி போட்டு ஒரு தாளில் எழுதி, அதே பின்பலகைக்குள் வையுங்கள்.