உளச்சிகிச்சையில் எதிர்பார்ப்பு

உளச்சிகிச்சைக்கு வருபவர் அதன் பலனையும் நடைமுறையையும் பற்றி முன்கூட்டியே கொண்டிருக்கும் எண்ணமே எதிர்பார்ப்பு எனப்படுகிறது. ‘இதனால் குணமாகும்’ என்று நம்புவது பலன் சார்ந்தது; எத்தனை அமர்வுகள், யார் பேசுவது, யார் பொறுப்பு என்று கருதுவது நடைமுறை சார்ந்தது. குணமாக வேண்டும் என்ற விருப்பம் வேறு. ஆசை மிகுந்தும் நம்பிக்கையின்றி வருபவர்கள் உண்டு. எல்லா உளச்சிகிச்சை முறைகளுக்கும் பொதுவான ஆற்றல்களுள் ஒன்று நம்பிக்கையைத் தூண்டுவது என்று அமெரிக்க உளமருத்துவர் ஜெரோம் ஃபிராங்க் 1961இல் வாதிட்டார். 1992இல் உளச்சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் லாம்பர்ட் முன்னேற்றத்தில் 15 சதவீதத்தை எதிர்பார்ப்பின் கணக்கில் வைத்தார். இன்றும் எடுத்தாளப்படும் அந்த எண், ஆய்வுகளைப் படித்து அவர் செய்த மதிப்பீடு. புள்ளியியல் கணக்கில் பெறப்பட்டதன்று. மைக்கேல் கான்ஸ்டான்டினோ குழுவினர் 12,722 பேரின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பலன் எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.18. அதாவது, விளைவில் காணும் வேறுபாட்டில் சுமார் 3 சதவீதமே இதனோடு தொடர்புடையது.

இந்தச் சிறு தொடர்பும் வெறும் நிழல்தானே என்று கேட்கலாம்: நோய் கடுமையாக இல்லாதவர் இயல்பாகவே நம்பிக்கையோடு வருவார், விரைவில் தேறவும் செய்வார். ஒட்டுறவு காரணத்தை நிறுவாது என்பதால் இந்த ஐயத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆயினும் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் மனச்சோர்வு ஆய்வுத் தரவுகளை 2002இல் மீண்டும் ஆராய்ந்தபோது ஒரு வழித்தடம் புலப்பட்டது: நம்பிக்கையோடு வந்தவர்கள் சிகிச்சையாளரோடு இணைந்து உழைப்பதில் கூடுதல் பங்கேற்றனர், அந்தப் பங்கேற்பே முன்னேற்றத்தோடு பிணைந்திருந்தது. 1964இல் ஃபிராங்க் இடம்பெற்ற குழு இன்னும் நேரடியாகச் சோதித்தது. சிகிச்சையில் என்ன நடக்கும், தம் பங்கு என்ன என்று முன்னரே விளக்கம் பெற்றவர்கள், அது பெறாதவர்களைவிடத் தவறாமல் வந்தனர். சில அளவைகளில் கூடுதலாக முன்னேறவும் செய்தனர்.

அப்படியானால் உளச்சிகிச்சை வெறும் போலி மருந்துதானா? மாத்திரைச் சோதனையில் வேதிப்பொருளையும் நம்பிக்கையையும் பிரித்தறியலாம். மாத்திரையை நம்பாதவர் விழுங்கினாலும் மருந்து உடலில் சேரும். உளச்சிகிச்சையில் அது நடவாது. உயரத்துக்கு அஞ்சுபவர் படிப்படியாக மாடியேறிப் பழக வேண்டும் என்றால், பயனில்லை என்று கருதுபவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். ஆகவே இங்கே எதிர்பார்ப்பைச் சிகிச்சையில் கலந்த கலப்படமாகக் கொள்ளாமல், சிகிச்சை நடைபெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாகக் கொள்வதே பொருந்தும். இதனால் பெரிய வாக்குறுதிகளுக்கு நியாயம் கிடைத்துவிடாது. 1964ஆம் ஆண்டுச் சோதனையில் விளக்கம் பெற்றவர்களுக்குக் கிடைத்தது, காத்திருக்கும் வேலையைப் பற்றிய தெளிவு. முதல் அமர்வில் சிகிச்சையாளர் தரவேண்டியதும் அதுவே.