டிரெஸ்டன் கேமராவும் வராத வகுப்புப் படமும்



நேற்று பரணில் சித்தப்பாவின் பிராக்டிகா கேமரா கிடைத்தது. 1979இல் சிங்கப்பூரிலிருந்து திருவாரூருக்குக் கொண்டுவந்தார். செங்கல் கனம்.

அது கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் செய்தது. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் எரிந்து தரைமட்டமான ஊர். 1936இலேயே 35 மி.மீ. பிலிமுக்கு ரிஃப்ளெக்ஸ் கேமரா செய்த எக்ஸாக்டா தொழிற்சாலையும் அதில் போயிற்று. நான்கே ஆண்டில், 1949இல், அதே ஊரிலிருந்து பிராக்டிகா வந்தது! நான் போட்ட ஆர்வோ பிலிமும் அந்த நாட்டுச் சரக்குதான். அவர்களோடு அன்று நமக்கு ரூபாயிலேயே வணிகம் நடந்தது, டாலர் வேண்டியிருக்கவில்லை.

ரிஃப்ளெக்ஸில் லென்ஸ் காண்பதையே உள்ளிருக்கும் கண்ணாடி நம் கண்ணுக்குத் திருப்பிக் காட்டும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலெழும். படம் விழும் அந்தக் கணம் மட்டும் எடுப்பவருக்கு இருட்டு.

1982 பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, கமலாலயக் கரையில் உங்களை நிறுத்தி ஒரு ரோல் முழுக்க எடுத்தேனே, ஒன்றுகூட வரவில்லை. கழுவியவர் கெடுத்துவிட்டார் என்றேன். அது பொய். பிலிம் நுனியை நான் சரியாக மாட்டவில்லை. லீவரை இழுக்கும்போது இடப்பக்கக் குமிழ் சுழல வேண்டும். நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்த வரிசையில் நின்ற இருவர் இன்று இல்லை. அவர்கள் வீட்டார் படம் கேட்டு வந்தபோதும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

பேட்டரி இல்லாமலே ஷட்டர் இன்றும் அடிக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் சொல்லுங்கள், ஒரு ரோல் வாங்கி வைக்கிறேன். மாட்டும்போது யாராவது பக்கத்தில் நில்லுங்கள்.