பனோஸ் எல்எம்பி-1

பனோஸ் எல்எம்பி-1 ரோட்ஸ்டர் எஸ், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பனோஸ் என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம் 1999இல் களமிறக்கிய புரோட்டோடைப் பந்தயக் கார். சாலையில் ஓடும் எந்தக் காரையும் அடிப்படையாகக் கொள்ளாமல் பந்தயத்துக்கென்றே கட்டப்படும் கார்களைப் புரோட்டோடைப் என்பார்கள். 24 மணி நேரம் ஓடும் லே மான்ஸ் போன்ற நெடுநேரப் பந்தயங்களில் உச்சப் பிரிவு இவற்றுடையது. அந்தப் பிரிவில் பிஎம்டபிள்யூ, டொயோட்டா, ஆடி எல்லாம் இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த காலத்தில், பனோஸ் மட்டும் அதை ஓட்டுநருக்கு முன்னால் வைத்தது. 1999 முதல் 2003 வரை ஓடிய இந்தக் கார் பெரிய நிறுவனங்களைப் பலமுறை தோற்கடித்தது.

நிறுவனமும் குடும்பமும்

பனோஸ் நிறுவனத்தை 1989இல் தொடங்கியவர் டான் பனோஸ் என்று அழைக்கப்படும் டேனியல் பனோஸ். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் தாம்சன் என்ற சிறு கார் நிறுவனம் ஒன்று இருந்தது. ஃபிராங்க் காஸ்டின் வடிவமைத்த எடை குறைந்த சேசி (காரின் அடிச்சட்டம்) ஒன்றை அது வைத்திருந்தது. விமானப் பொறியாளரான காஸ்டின், லோட்டஸ், வான்வால் பந்தயக் கார்களின் வடிவங்களுக்குப் பெயர்பெற்றவர். தாம்சன் மூடப்பட்டபோது, அங்கே பணியாற்றிய டேனியல் அந்த சேசியின் உரிமையை வாங்கிக்கொண்டு ஜார்ஜியாவுக்குத் திரும்பினார். அதிலிருந்து பிறந்ததுதான் பனோஸ் ரோட்ஸ்டர்: ஃபோர்டு மஸ்டாங்கின் வி8 இன்ஜின், அலுமினிய உடல், கூரை கிடையாது, கையால் கட்டப்படுவது. பிறகு எஸ்பெரான்டே என்ற கார் வந்தது. இரண்டிலும் இன்ஜின் முன்பக்கத்தில்.

பந்தயத்துக்குப் பணமும் பிடிவாதமும் கொண்டுவந்தவர் தந்தை டொனால்டு பனோஸ். மருந்துத் தொழிலில் செல்வம் சேர்த்தவர் அவர். 1961இல் மைலான் நிறுவனத்தை மிலன் புஸ்காருடன் இணைந்து தொடங்கினார். 1969இல் அயர்லாந்தில் எலான் நிறுவனத்தை நிறுவினார். புகைப்பழக்கத்தை விட உதவும் நிகோட்டின் ஒட்டுப்பட்டையோடு அவர் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஜார்ஜியாவின் பிராசெல்டன் ஊரில் திராட்சைத் தோட்டமும் விடுதியும் வைத்திருந்தார். அங்கிருந்து சில மைல் தொலைவில் இருந்த ரோடு அட்லான்டா பந்தயத் தடத்தை 1996இல் விலைக்கு வாங்கினார். அதன் பின் ஃபுளோரிடாவின் செப்ரிங், கனடாவின் மாஸ்போர்ட் தடங்களும் அவர் கைக்கு வந்தன.

ஜிடிஆர்-1: முதல் முயற்சி

எல்எம்பி-1 திடீரென்று முளைத்த கார் அல்ல. 1997இல் வந்த எஸ்பெரான்டே ஜிடிஆர்-1தான் அதன் தாய். அன்றைய ஜிடி1 பிரிவின் விதிப்படி, பந்தயக் காரின் சாலைப் பதிப்பு ஒன்றும் இருக்க வேண்டும். போர்ஷே, மெர்சிடிஸ் போன்றவை முதலில் பந்தயக் காரைக் கட்டிவிட்டு, பெயருக்கு ஒரு சாலைக் காரைக் காட்டின. பனோஸும் அப்படித்தான் செய்தது. ஆனால் ஒரு நிபந்தனையை டொனால்டு பனோஸ் விடவில்லை. தன் நிறுவனத்தின் சாலைக் கார்களில் இன்ஜின் முன்னால் இருக்கிறது. ஆகவே பந்தயக் காரிலும் முன்னால்தான் இருக்க வேண்டும் என்றார்.

காரைக் கட்டியது பிரிட்டனின் ரேனார்டு நிறுவனம். கார்பன் நாரால் ஆன சேசி, ரௌஷ் நிறுவனம் தயாரித்த ஃபோர்டு வழி வந்த 6 லிட்டர் வி8 இன்ஜின், நீண்ட மூக்கு, கிட்டத்தட்ட பின்சக்கரங்களின் அருகே ஒடுங்கிய ஓட்டுநர் இருக்கை. நீளமாக, விலாவோரக் குழாய்களிலிருந்து உறுமிக்கொண்டு போன அந்தக் காரை ரசிகர்கள் பேட்மேனின் கார் என்றே அழைத்தார்கள்.

1997 லே மான்ஸ் பந்தயத்தில் ஓடிய மூன்று பனோஸ் கார்களில் ஒன்றுகூட முடிவுக்கோட்டைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு டேவிட் பிராபம், ஆண்டி வாலஸ், ஜேமி டேவிஸ் ஓட்டிய கார் ஏழாம் இடம் பிடித்தது.

அதே 1998இல், அதிகம் பேசப்படாத இன்னொரு துணிச்சலும் நடந்தது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கிச் சேமித்து, வேகமெடுக்கும்போது திருப்பிக் கொடுக்கும் ஹைப்ரிட் ஜிடிஆர்-1 ஒன்றை, பிரிட்டனின் சைடெக் நிறுவனத்தின் உதவியோடு பனோஸ் கட்டியது. பேட்டரிகளின் எடை அதை மெதுவாக்கியது. லே மான்ஸ் தகுதிச் சுற்றிலேயே அது வெளியேறியது. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் ரோடு அட்லான்டாவில் நடந்த நெடும்பந்தயத்தை ஓடி முடித்து 12ஆம் இடம் பெற்றது. லே மான்ஸில் ஹைப்ரிட் கார் வென்றது 2012இல், ஆடியின் கையால். அதற்குப் 14 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து பார்த்த ஒரு சிறு நிறுவனத்துக்கு உரிய மதிப்பு வரலாற்று நூல்களில் இன்னும் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இன்ஜின் ஏன் முன்னால்?

1960களின் தொடக்கத்திலேயே பந்தய உலகம் இந்தக் கேள்வியை முடித்துவிட்டது. இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் வைத்தால், காரைத் தள்ளும் சக்கரங்களின் மேல் எடை அழுத்தும். விசையைக் கடத்தும் தண்டும் குட்டையாகும். மூக்கைத் தாழ்வாக, கூர்மையாக வடிக்கலாம். லே மான்ஸை முன்பக்க இன்ஜினுடன் கடைசியாக வென்றது 1962இல் ஃபெராரி. ஃபில் ஹில், ஒலிவியே ஜாந்தபியான் ஓட்டிய கார் அது.

பனோஸ் காரில் இன்ஜின் முன்பக்கம் என்றாலும், முன்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. ஓட்டுநரும் பின்னுக்குத் தள்ளப்பட்டார். இதனால் எடை நான்கு சக்கரங்களுக்கும் பரவலாகப் பிரிந்தது. காரின் மூக்கு நீண்டு, வால் குறுகியது. ஓட்டுநர் வளைவின் உள்முனையிலிருந்து வெகுதூரம் பின்னால் உட்கார்ந்திருப்பதால், மூக்கை எங்கே வைப்பது என்பதை உடம்பால் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியரான டேவிட் பிராபம் இதில் தேர்ந்தார். மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான ஜாக் பிராபமின் மகன் அவர். பனோஸின் வெற்றிக் கணக்கில் பெரும்பகுதி இவர் கைவண்ணம்.

இந்த அமைப்பு மற்றவர்களுடையதைவிட வேகமானது என்று யாரும் நிறுவவில்லை. நியாயமாகச் சொன்னால், அது ஒரு பொறியியல் முடிவைவிட ஒரு கொள்கை முடிவு. ஆனால் அந்தக் கொள்கையை எடுத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் பிழிந்தெடுத்ததில்தான் ரேனார்டு, பனோஸ் பொறியாளர்களின் திறமை தெரிகிறது.

1999: சிறந்த ஆண்டு

1998 முடிவில் ஜிடி1 பிரிவு சரிந்தது. செலவைத் தாங்க முடியாமலும் விதிகள் மாறியதாலும் நிறுவனங்கள் விலகின. பனோஸ் ஜிடிஆர்-1இன் கூரையை நீக்கி, அதே இன்ஜின், அதே தத்துவத்தோடு திறந்த புரோட்டோடைப் ஒன்றை உருவாக்கியது. அதுவே எல்எம்பி-1.

அவ்வாண்டு லே மான்ஸில் பெரும் பணம் புரண்டது. டொயோட்டா, மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, நிசான் ஐந்தும் நிறுவன அணிகளாக வந்தன. மெர்சிடிஸ் கார்கள் காற்றில் பறந்து கவிழ்ந்த பந்தயம் அதுதான். பிஎம்டபிள்யூ வென்றது. பிராபம், எரிக் பெர்னார், புச் லைட்சிங்கர் ஓட்டிய பனோஸ் ஏழாவதாக வந்தது. மற்றொரு பனோஸ் பதினொன்றாவது. இரண்டு கார்களையும் ஓட விட்டு, இரண்டையும் முடிவுவரை கொண்டுவந்த சிறு நிறுவனத்துக்கு இது குறைவான சாதனை அல்ல.

அமெரிக்காவில் கதை இன்னும் பெரிது. அந்த ஆண்டு தொடங்கிய அமெரிக்கன் லே மான்ஸ் தொடரில், லே மான்ஸை வென்ற அதே பிஎம்டபிள்யூ கார்களோடு பனோஸ் மோதியது. செப்டம்பரில் ரோடு அட்லான்டாவில் நடந்த பெட்டீ லே மான்ஸ் பந்தயத்தை பிராபம், பெர்னார், வாலஸ் மூவரும் வென்றார்கள். ஆயிரம் மைல் அல்லது பத்து மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடும் பந்தயம் அது. பருவ முடிவில் அணிகளுக்கான பட்டமும் பனோஸ் அணிக்கே போனது.

ஆடி வந்த பிறகு

2000இல் ஆடி ஆர்8 வந்தது. டர்போ வைத்த 3.6 லிட்டர் வி8, அசைக்க முடியாத நம்பகத்தன்மை, பழுதானால் கியர்பெட்டியோடு பின்பகுதி முழுவதையும் சில நிமிடங்களில் கழற்றி மாட்டும் வசதி. ஆடியை யாரும் எளிதில் நெருங்க முடியவில்லை. அப்படியும் அந்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயத்தில், ஆடியின் சொந்த மண்ணிலேயே, பிராபமும் டென்மார்க்கின் யான் மாக்னுசனும் பனோஸை ஓட்டி வென்றார்கள். லே மான்ஸில் ஜப்பானிய அணி ஒன்று கொண்டுவந்த பனோஸ் ஐந்தாவதாக முடித்தது. ஹிரோகி கடோ, ஜானி ஓ'கானல், பியேர்-ஆன்ரி ரஃபானல் அதை ஓட்டினர்.

அதே பந்தயத்தில் மற்றொரு பனோஸில் உட்கார்ந்தவர் மாரியோ ஆன்ட்ரெட்டி. ஃபார்முலா ஒன் பட்டம், இண்டியானாபோலிஸ் 500, டேடோனா 500 எல்லாம் வென்ற அந்த மாபெரும் ஓட்டுநர் லே மான்ஸை மட்டும் வென்றதில்லை. 60 வயதில் அவர் கடைசி முறையாக அதை முயன்றது இந்தக் காரில்தான். வெற்றி கிட்டவில்லை, ஆனால் கார் ஓடி முடித்தது.

2001இல் பனோஸ் ஒரு தவறான திருப்பம் எடுத்தது. எல்எம்பி-07 என்ற புதிய காரை, 4 லிட்டர் இன்ஜினோடு, அப்போதும் முன்பக்கத்திலேயே வைத்துக் கட்டியது. வேகமும் வரவில்லை, நம்பகமும் வரவில்லை. பருவத்தின் நடுவிலேயே அதை ஓரங்கட்டிவிட்டு, பழைய எல்எம்பி-1ஐத் தூசி தட்டி எடுத்தார்கள். பழையது மறுபடி ஆடியை முந்தியது. 2002 ஜூலையில் வாஷிங்டன் நகரில், ராபர்ட் கென்னடி அரங்கின் வாகன நிறுத்துமிடத்தில் அமைத்த தற்காலிகத் தடத்தில் நடந்த பந்தயத்தைப் பிராபமும் மாக்னுசனும் மேம்படுத்தப்பட்ட எல்எம்பி-01 ஈவோவில் வென்றார்கள். 2003 லே மான்ஸில் ஒலிவியே பெரெட்டா, குன்னார் ஜானெட், மாக்ஸ் பாபிஸ் ஓட்டிய பனோஸ், இரண்டு பென்ட்லிக்கும் இரண்டு ஆடிக்கும் அடுத்து ஐந்தாவதாக வந்தது. அடிப்படையில் நான்காண்டு பழைய கார் அது.

முன்பக்க இன்ஜின் புரோட்டோடைப்பை மீண்டும் லே மான்ஸுக்குக் கொண்டுவந்தது 2015இல் நிசான். உலகளாவிய நிறுவனத்தின் பணபலம் பின்னால் இருந்தும், அதன் மூன்று கார்களில் ஒன்றுகூட முடிவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. பனோஸ் செய்தது எவ்வளவு கடினமானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

காரைவிடப் பெரிய வேலை

பனோஸ் முயற்சியைக் காரின் வெற்றிகளை மட்டும் வைத்து எடைபோட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1990களின் இறுதியில் அமெரிக்காவில் நெடுநேரப் பந்தயம் சிதறிக் கிடந்தது; போட்டி அமைப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. தன் காரை ஓட்ட நல்ல மேடை இல்லை என்று கண்ட டொனால்டு பனோஸ், மேடையையே கட்டினார். லே மான்ஸை நடத்தும் பிரெஞ்சு மன்றத்தோடு ஒப்பந்தம் செய்து, அதே விதிகளில் 1998இல் பெட்டீ லே மான்ஸை நடத்தினார். முதல் பந்தயத்தை வென்றது பனோஸ் அல்ல, ஒரு ஃபெராரி. மறுஆண்டு அமெரிக்கன் லே மான்ஸ் தொடர் பிறந்தது. பெட்டீ லே மான்ஸில் பிரிவு வெற்றி பெற்ற அணிக்கு அடுத்த ஆண்டு பிரான்ஸில் ஓட நேரடி அழைப்பு கிடைத்தது. ஆடி, போர்ஷே, கார்வெட், அக்யூரா எல்லாம் அந்தத் தொடரில் வளர்ந்தன. தன் காரைத் தோற்கடிக்கப்போகும் பெரியவர்களைத் தானே அழைத்துவந்து இடம் கொடுத்தவர் என்ற பெருமை அவருக்குச் சேரும்.

பனோஸ் நிறுவனம் அதன்பின் சாலைக் காரை அடிப்படையாகக் கொண்ட பிரிவுக்குத் திரும்பியது. 2006இல் எஸ்பெரான்டே ஜிடிஎல்எம், பிரிட்டனின் டீம் எல்என்டி அணியின் கையில், லே மான்ஸ் ஜிடி2 பிரிவை வென்றது. பிராபம் 2009இல் பெஷோவில் லே மான்ஸை முழுமையாக வென்றார். 2012இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்குடன் ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டி ஆறாம் இடம் பிடித்தார்.

டொனால்டு பனோஸ் 2012இல் தன் தொடரையும் ரோடு அட்லான்டாவையும் நாஸ்கார் குழுமத்துக்கு விற்றார். 2014இல் அத்தொடர் போட்டித் தொடரான கிராண்ட்-ஆமுடன் இணைந்து இன்றைய இம்சா சாம்பியன்ஷிப்பாக மாறியது. அவர் 2018 செப்டம்பர் 11 அன்று 83ஆம் வயதில் காலமானார். பெட்டீ லே மான்ஸ் ரோடு அட்லான்டாவில் ஆண்டுதோறும் தொடர்ந்து நடக்கிறது. இம்சா பருவத்தின் இறுதிப் பந்தயம் அதுவே.