படிப்பிக்கிறம், கையெழுத்து வையுங்கோ

2021 ஜூலை 8. கொரோனா காலம். பத்தரமுல்லையில் பாராளுமன்றச் சுற்றுவட்டத்துக்குக் கிட்ட ஓர் ஆர்ப்பாட்டம் நடந்தது. பொலிஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் அதில் ஒருவர். நீதிமன்றம் பிணை கொடுத்தது. ஆனால் பிணை கிடைத்தவர்களை வீட்டுக்கு விடவில்லை. தனிமைப்படுத்தல் எண்டு சொல்லிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் நின்ற இடம் முல்லைத்தீவு, கேப்பாப்பிலவு விமானப்படை முகாம்.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்தவர்களை அடைத்து வைக்க வன்னியில் ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. அதுவும் கேப்பாப்பிலவு! 2017 ஜனவரி கடைசியில் இருந்து பிலவுக்குடியிருப்புச் சனம் தங்கட காணியைக் கேட்டு ஒரு மாதம் ரோட்டோரம் இருந்தது இதே விமானப்படை முகாமுக்கு முன்னால்தான்.

அந்தச் சட்டமூலம் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தைப் பற்றியது. எங்கட ஆட்களில் கனபேருக்கு அந்த வருடம் எண்டால் ஞாபகம் வருவது ஆசிரியர்களின் சம்பள முரண்பாட்டுப் போராட்டம். கொத்தலாவல விசயம் தெற்குப் பிரச்சினை எண்டு விட்டுவிட்டம். நானும் அப்படித்தான் விட்டனான். பிறகு வாசிக்க வாசிக்க, அது எங்கட வளவுக்குள்ளயும் நடக்கிற விசயம் எண்டு விளங்கினது.

பெயரில் இருந்து தொடங்குவம். சேர் ஜோன் கொத்தலாவல 1953 முதல் 1956 வரை பிரதமராக இருந்தவர். யாழ்ப்பாணம் வந்தபோது சிங்களம், தமிழ் இரண்டுக்கும் சம அந்தஸ்து எண்டு சொன்னவர். 1956 தொடக்கத்தில் களனியில் நடந்த ஐக்கிய தேசியக் கட்சி மாநாட்டில் அவரின்ட கட்சி சிங்களம் மட்டும் எண்டு மாறினது. மாறியும் அந்தத் தேர்தலில் தோற்றார். அவர் 1980 ஒக்ரோபரில் இறந்தார். இரத்மலானையில் இருந்த அவரின்ட கந்தவல வளவு பாதுகாப்புக் கல்விக்கெண்டு நாட்டுக்குப் போனது. அங்கே தொடங்கிய கல்லூரிக்கு 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் முறையான உருவம் கொடுத்தது. 1988இல் வந்த திருத்தம் அதைப் பல்கலைக்கழகத் தரத்துக்கு உயர்த்தியது. 2007இல் பெயரும் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் எண்டு மாறினது.

1981 எண்டதைக் கொஞ்சம் நிண்டு பார்க்க வேணும். மகாபொல உதவித்தொகை நிதியத்துக்கான சட்டமும் அதே வருடம்தான். அந்த வருடம் மே 31 இரவு தொடங்கிய வன்முறையில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏழைப் பிள்ளைக்குப் படிக்கக் காசு, இராணுவ அதிகாரிக்குப் படிக்கக் கல்லூரி, எங்களுக்கு எரிந்த புத்தகம். இந்த மூன்றும் ஒரே ஆள் போட்ட திட்டம் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் எங்கட அம்மா அப்பா வளர்ந்த காலத்தை விளங்கிக்கொள்ள இந்த மூன்றையும் ஒரே நாட்காட்டியில் வைச்சுப் பார்க்கத்தான் வேணும்.

சரி, அந்தக் கல்லூரியில் நடக்கிற பேரம் என்ன? ஏ.எல். முடித்த பிள்ளையைக் கெடெற்றாக எடுப்பினம். சாப்பாடு, தங்குமிடம், சீருடை, படிப்பு எல்லாம் அரசின்ட செலவு. படிக்கும்போதே சம்பளமும் வரும். பட்டம் முடிய அதிகாரியாக நியமனம். இதற்குப் பதிலாக, குறித்த வருடங்கள் படையில் சேவை செய்வேன், பாதியில் விட்டால் செலவைத் திருப்பிக் கட்டுவேன் எண்டு தொடக்கத்திலேயே கையெழுத்து வைக்க வேணும். தாய் தகப்பனும் சேர்ந்துதான் வைக்க வேணும். எங்கட ஊர்ப் பேச்சில் இதுக்குப் பெயர் பொண்ட். (பத்திரிகைத் தமிழில் பிணைமுறி எண்டு எழுதலாம். ஆனால் அந்தச் சொல்லை மத்திய வங்கிக் காரர் கெடுத்துப்போட்டினம்.)

இது இலங்கைக்கு மட்டும் உரிய விசயம் இல்லை. அமெரிக்காவில் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் இலவசமாகப் படித்தவர் குறைந்தது 5 வருடம் முழுநேர சேவை செய்ய வேணும். பிறகு இராணுவச் செலவில் முதுமாணி படிக்கப் போனால், படித்த ஒவ்வொரு நாளுக்கும் மூன்று நாள் சேவை கடன். ஈராக் போர் நடந்துகொண்டிருந்தபோது இளம் கப்டன்மார் கடமைக் காலம் முடிந்த கையோடு வெளியேறத் தொடங்கினார்கள். 2006 அளவில் இராணுவம் ஒரு யோசனை கொண்டு வந்தது: நியமனம் பெற முதலே மேலதிகமாக 3 வருடத்துக்குக் கையெழுத்து வையுங்கோ, உங்கட மேற்படிப்புக்கு நாங்கள் காசு கட்டுறம். கனபேர் வைத்தார்கள். அடுத்த வருடம் கப்டன்மாருக்குக் காசாகவே போனஸ் கொடுத்தும் பார்த்தார்கள். போர் கசக்கத் தொடங்கும்போது படிப்பு இனிப்பாக்கப்படுகிறது.

அதே நாட்டில் 1944இல் ஜி.ஐ. பில் எண்ட சட்டம் வந்தபோது வரிசை தலைகீழாக இருந்தது. போருக்குப் போய் வந்தவருக்கு, வந்த பிறகு, படிக்கக் காசு. அவர் திரும்ப ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. நாடுதான் அவருக்குக் கடன்பட்டிருந்தது. முன்னுக்குப் படிப்பித்துவிட்டுப் பிறகு சேவை கேட்டால் கடன்காரர் பிள்ளை. சேவை முடிந்த பிறகு படிப்பித்தால் கடன்காரர் அரசு. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியமாகப் படுகுது.

இதை வைத்துக்கொண்டு எங்கட இலவசக் கல்வியைப் பாருங்கோ. 1945இல் கன்னங்கராவின் காலத்தில் வந்தது. பாலர் வகுப்பில் இருந்து பல்கலைக்கழகம் வரை காசு இல்லை, கையெழுத்தும் இல்லை. படித்தவர் நாட்டுக்கு ஏதாவது செய்வார் எண்டது ஒரு நம்பிக்கை மட்டும்தான். அரசுக்கு அந்த நம்பிக்கை எப்போதும் போதவில்லை. 1961இல் கட்டாய அரச சேவைக்கு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். இண்டைக்கும் விசேட வைத்திய நிபுணராக வெளிநாட்டில் பயிற்சிக்குப் போகிற டொக்டர் பொண்ட் வைச்சுத்தான் போறார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போனவர்களில் கனபேர் திரும்பவில்லை. அதன் நோவு முதலில் தெரிவது கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆஸ்பத்திரிகளில்தான்.

மறுபக்கம், 2009இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் ஷெல்லுக்குள் நின்று காயக்காரரைப் பார்த்த அரசாங்க டொக்டர்மார் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா. கடைசி நாட்களில் தப்பி வந்த அவர்களை அரசு கைது செய்து ஓகஸ்ட் வரை தடுத்து வைத்தது. அவர்களை அங்கே நிப்பாட்டி வைச்சது ஏதோ ஒரு பொண்ட் எண்டு நான் நம்பேல்லை. இயக்கமும் தன் போராளிகளுக்கு மருத்துவம் படிப்பித்தது. அவர்களும் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் எதற்குக் கையெழுத்து வைத்தார்கள், எவ்வளவு தெரிந்து வைத்தார்கள் எண்டது இன்னொரு கட்டுரை. சுகமான கட்டுரையாக இராது.

இப்ப வன்னிக்கு வருவம். எங்கட பிள்ளைகளில் கொத்தலாவலவுக்குக் கெடெற்றாகப் போகிறவர்கள் அரிது. ஆனால் அதே பாதுகாப்பு அமைச்சு வேறு வாசலால் வந்தது. 2012 நவம்பரில் கிளிநொச்சியில் 100க்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளை இராணுவத்தில் சேர்த்தார்கள். போர் முடிந்து மூன்றரை வருடம்தான். அதோடு சிவில் பாதுகாப்புத் திணைக்களம், எங்கட வாயில் சி.எஸ்.டி. பண்ணை வேலை, முன்பள்ளி ஆசிரியர் வேலை எண்டு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானவர்களை எடுத்தது. முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். சி.எஸ்.டி. ரீச்சருக்குக் கிடைத்த சம்பளம், பக்கத்து முன்பள்ளியில் மாகாணக் கொடுப்பனவோடு படிப்பித்த ரீச்சரைவிடப் பல மடங்கு. இரண்டு பேரும் படிப்பிப்பது ஒரே அ, ஆ, இ. ஒருவருக்குப் பொறுப்பு கல்வித் திணைக்களம், மற்றவருக்குப் பொறுப்பு ஒரு கேணல்.

2018 ஜூனில் விசுவமடுவில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சி.எஸ்.டி.க்குப் பொறுப்பாக இருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகிப் போனபோது, சனம் மாலை போட்டுத் தோளில் தூக்கி, அழுது அனுப்பியது. படங்கள் பேஸ்புக் முழுக்கச் சுத்தினது. தெற்கில் இதுதான் நல்லிணக்கம் எண்டார்கள். எங்கட பக்கத்தில், வெளிநாட்டில் இருந்து முக்கியமாக, துரோகம் எண்டார்கள். இரண்டு பேரும் அந்தப் பெண்களின் சம்பளச் சீட்டைப் பார்க்கவில்லை. நாலைந்து வருடம் வேலை இல்லாமல், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டு, நுண்கடன்காரனுக்கு ஒளித்துக்கொண்டு இருந்த ஒருவருக்கு மாதா மாதம் சம்பளம் வந்தால், அதைத் தந்த ஆள் போகும்போது அழுகை வரும்தானே. அந்த அழுகை பொய் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வேலையை விட்டால் வேற வேலை இல்லை எண்ட நிலைமையும் ஒரு பொண்ட்தான். காகிதத்தில் இல்லை, அதனால் எத்தனை வருடம் எண்டும் எழுதியில்லை. இரத்மலானைக் கெடெற்றுக்கு அதாவது முடிகிற திகதி தெரியும்.

கொத்தலாவல சட்டமூலத்தின் பிரச்சினையும் இந்த இடத்தில்தான் எங்களைத் தொடுகுது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு வெளியே, பாதுகாப்புச் செயலாளரும் படைத் தளபதிகளும் இருக்கிற ஆளுநர் சபையின் கீழ், காசு கட்டிப் படிக்கிற சிவில் மாணவரையும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகம். படையினர் படிக்கக் கூடாது எண்டு சொல்ல நான் ஆள் இல்லை. படித்த அதிகாரி படிக்காத அதிகாரியைவிட எனக்குப் பரவாயில்லை. சிவில் கல்வியையும் படையே நடத்தத் தொடங்கினால், படிப்புக்கும் வேலைக்கும் காசு இருக்கிற ஒரே வாசல் அதுவாகிப் போய்விடும். தெற்குக்கு அது 2021இல் வந்த பயம். விசுவமடுவுக்கு அது அதற்கு முதலே வந்த பழக்கம். போராட்டத்தால் அந்தச் சட்டமூலம் அப்போது நிறைவேறாமல் நிண்டது.

எங்களுக்கு வேற வாசல் இல்லாமலும் இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கு. தரப்படுத்தலை யாழ்ப்பாணத்தார் திட்டுகிற அதே குரலில் நாங்களும் திட்டிக்கொண்டு, அதால வந்த இடத்தில் படிக்கிறம். அது பகிடி மாதிரித்தான். ஆனால் அந்த 5 வீதத்துக்கு ஒருவரும் கையெழுத்துக் கேட்டதில்லை. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமாக ஆனது, ஜோசப் ஸ்டாலின் கேப்பாப்பிலவில் இருந்து வெளியே வந்து மூன்று கிழமை ஆக முதலே. அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கு.

ஏ.எல். முடிச்ச தம்பி தங்கச்சி யாராவது எந்தப் பொண்டையாவது யோசிச்சுக்கொண்டு இருந்தால், படையோ, வைத்தியமோ, வெளிநாட்டுப் புலமைப்பரிசிலோ, பத்திரத்தை வீட்டில் எல்லாருக்கும் முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கோ. எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு, அதைக் கட்டப் போறது ஆர். அம்மாவும் கையெழுத்து வைக்கிறா எண்டால், அது என்ன மொழியில் இருக்கு எண்டும் கேளுங்கோ.