மண்ணீரல் மிகை இயக்கம்

வீங்கிய மண்ணீரல் ரத்த அணுக்களை அளவுக்கு மீறிப் பிடித்துவைத்தும் அழித்தும் ரத்த ஓட்டத்தில் அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும் நிலையே மண்ணீரல் மிகை இயக்கம். இடது விலா எலும்புகளுக்கு அடியில் சுமார் 150 கிராம் எடையில் இருக்கும் இந்த உறுப்பு, வயதான சிவப்பணுக்களை வடிகட்டி அகற்றுகிறது. உடலின் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் அதற்குள் தங்கியிருக்கும். வீக்கம் முற்றினால் அந்தப் பங்கு 90 சதவீதம் வரை உயரலாம். எலும்பு மஜ்ஜை குறைவில்லாமல் அணுக்களை உற்பத்தி செய்தாலும், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ பரிசோதனைச் சீட்டில் குறைந்திருக்கும். பெயரைப் பார்த்து மண்ணீரலே கெட்டுப்போனதாக எண்ணுவோர் பலர். பெரும்பாலான நோயாளிகளிடம் கேடு வேறு இடத்தில், குறிப்பாகக் கல்லீரலில் இருக்கிறது. எனவே எண்ணிக்கையைச் சரிசெய்வதற்கு முன் மண்ணீரல் ஏன் வீங்கியது என்று கண்டறிவதே முறையான மருத்துவம்.

மருத்துவ உலகமே இதை உணரக் காலம் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய மருத்துவர் குவீடோ பான்டி, மண்ணீரலில் தொடங்கும் கேடுதான் பின்னர் கல்லீரலைச் சுருக்குகிறது என்று வாதிட்டார். அதை நம்பி மண்ணீரல்கள் வெட்டி எடுக்கப்பட்டன. உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. மண்ணீரலிலிருந்து வரும் சிரை, குடலிலிருந்து வரும் சிரையோடு சேர்ந்து கல்லீரல் வாயிற் சிரையாகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகினாலோ, வாயிற் சிரை அடைபட்டாலோ அழுத்தம் பின்னோக்கி ஏறி மண்ணீரலைப் பெருக்கச் செய்கிறது. தொற்றும் அதைப் பெருக்கும். 1903இல் மதராஸ் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், உயிரோடிருந்த நோயாளியின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த திரவத்தில் காலா அசார் நோயின் ஒட்டுண்ணியைக் கண்டார். அதுவரை அத்தகைய வீக்கத்தில் பெரும்பகுதி மலேரியாவின் கணக்கிலேயே எழுதப்பட்டு வந்தது. மண்ணீரலை மட்டும் பார்த்து நோயை முடிவுசெய்ய முடியாது என்பதற்கு மதராஸ் நகரமே தந்த சான்று அது.

வட சென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில், மண்ணீரல் ஏன் வீங்கியது என்ற கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் பெருகும் அனாபிலஸ் ஸ்டீஃபன்சி கொசு நகரத்து மலேரியாவைப் பரப்புகிறது. மது, மஞ்சள் காமாலை வைரஸ்களான பி, சி ஆகியவை கல்லீரலைச் சுருக்குகின்றன. மழைக்காலத்தில் தட்டணு (பிளேட்லெட்) 60,000 என்று சீட்டில் வந்தால் வீடே டெங்கு என்று பதறுகிறது. டெங்குவில் அது சில நாட்களில் இறங்கி ஏறிவிடும். காய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்கில் அதே எண் நீடித்தால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவர் வலது அடிவயிற்றில் விரல்களை வைத்து, நோயாளி மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இடது விலாவை நோக்கி மெல்ல நகர்த்துவார். பெருத்த மண்ணீரலின் விளிம்பு மூச்சோடு இறங்கி விரலில் இடிக்கும். அடுத்து வயிற்று ஸ்கேன், கல்லீரல் பரிசோதனைகள், உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் உள்ளனவா என்று பார்க்க எண்டோஸ்கோபி. மூட்டை தூக்குவோரும் காசிமேட்டில் படகேறுவோரும் இடது விலாவில் அடிபடாமல் காத்துக்கொள்ள வேண்டும். வீங்கிய மண்ணீரல் எளிதில் கிழியும்.

மண்ணீரலை எடுத்தால் சில நாட்களிலேயே தட்டணு உயர்கிறதே, அப்படியானால் குற்றவாளி அதுதானே என்று கேட்கலாம். உயர்வது உண்மை. பரம்பரைக் கோள அணு நோயில் இந்த அறுவை சிறந்த பலன் தருகிறது. தலசீமியா முற்றியவர்களில் சிலருக்கும் தேவைப்படுகிறது. வாயிற் சிரை அடைபட்டு, கல்லீரல் நலமாயிருக்கும் சிறுவர்களுக்கு மண்ணீரலை நீக்கி, அதன் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைப்பது இந்தியாவில் நெடுங்காலமாகச் செய்யப்படும் சிகிச்சை. ஆனால் சுருங்கிய கல்லீரலோடு இருப்பவரிடம் எண்ணிக்கை உயர்ந்தாலும் கல்லீரல் தேறாது, வாயிற் சிரையில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். மருந்தால் தட்டணுவை உயர்த்திப் பார்த்த எல்ட்ரோம்போபாக் ஆய்வொன்று, அதே ரத்த உறைவு காரணமாக இடையில் நிறுத்தப்பட்டது. நேர்மாறான சான்று இன்னும் வலுவானது: கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின், மண்ணீரலைத் தொடாமலே பெரும்பாலோருக்கு அது சுருங்கி, தட்டணு உயர்கிறது. வட சென்னை மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்துவந்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அவ்வறுவை செய்யப்படுகிறது என்பது இப்பகுதி ஏழைகளுக்குப் பெரிய விஷயம்.

மண்ணீரலை இழப்பதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த உறுப்பை எடுத்த கைக்குழந்தைகளுக்குக் கொடிய தொற்று வந்ததை 1952இல் கிங், ஷூமாக்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் கிருமிகள் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். மலேரியாவும் கடுமையாகும். ஆகவே திட்டமிட்ட அறுவையெனில் இரண்டு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசிகள் போடப்பட வேண்டும், குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் தரப்பட வேண்டும். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் கண்டால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே முதல் வார்த்தையாக, தனக்கு மண்ணீரல் எடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.