குரல், இளி, துத்தம்: ஆயர்சேரியில் நின்ற சுரங்கள்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், ஆயர்சேரியில் ஒரு குரவைக்கூத்து நடக்கிறது. குடத்துப் பால் உறையவில்லை. உறி வெண்ணெய் உருகவில்லை. காளைகளின் கண்ணில் நீர் வடிகிறது. தீக்குறி கண்டு அஞ்சிய இடைக்குலப் பெண் மாதரி, தன்னிடம் அடைக்கலமாக இருந்த காப்பிய நாயகி கண்ணகி பார்த்திருக்க, ஏழு பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அவர்களுக்குப் பெயர். இன்றைய ச, ரி, க, ம, ப, த, நி என இவற்றைக் கொள்வது வழக்கம்.

பிறகு மாதரி செய்வதில்தான் இசைநுட்பம் இருக்கிறது. குரலைக் கண்ணன் என்றும், இளியைப் பலராமன் என்றும், துத்தத்தை நப்பின்னை என்றும் அழைக்கிறாள். கதையாகப் படித்தால் காதலனும் அண்ணனும் காதலியும். இசையாகப் படித்தால் ச, ப, ரி. தந்தியின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் ச-விலிருந்து ப பிறக்கும். அந்த ப-வின் தந்தியை அதே அளவில் குறைத்தால் மேல்ஸ்தாயி ரி. இன்னும் இருமுறை அப்படியே போனால் த, க. இந்த ஐந்தும் சேர்ந்தது மோகன ராகம். குரவையில் பாடப்படும் முல்லைப்பண்ணை இசையறிஞர் பலர் மோகனம் என்றே கொள்வது இந்தக் கணக்குக்கு அழகாகப் பொருந்துகிறது.

மேற்கத்திய இசை இதே உறவை வேறு வழியில் வளர்த்தது. அங்கே பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அந்த அடுக்குதான் கார்டு. ரி-யை அடியாகக் கொண்ட கார்டு, அடுத்து ப, முடிவில் ச: ஒரு பாட்டு வீடு திரும்பி அமரும் இந்த முடிப்பு, அதாவது கேடன்ஸ், ஹார்மனியில் மிகப் பழகியது. மாதரி சொன்ன வரிசை அங்கே தலைகீழாக நடக்கிறது. தம்புராவிலும் இதன் நிழல் உண்டு. முதலில் பஞ்சமத் தந்தி, பிறகு சட்ஜத் தந்திகள். ஒவ்வொரு சுற்றிலும் ப கிளம்பி ச-வில் அடங்குகிறது.

மேற்கத்திய இசையில் கார்டின் சுரங்களை மாற்றாமல், அடியில் நிற்கும் சுரத்தை மட்டும் மாற்றுவது இன்வெர்ஷன். தமிழிசை அடுக்கை நாடவில்லை; சுரக்கூட்டம் அப்படியே இருக்க, வேறொரு சுரத்தைக் குரலாக்கிப் புதுப் பண் கண்டது. பண்ணுப்பெயர்த்தல் என்பது இதுதான். மோகனத்தின் ரி-யைக் குரலாக்கினால் மத்யமாவதி. க-வை ஆக்கினால் ஹிந்தோளம். ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி. த-வை ஆக்கினால் சுத்த தன்யாசி. இன்வெர்ஷனில் கார்டின் பெயர் மாறாது, இங்கே ராகமே வேறாகிவிடுகிறது. தமிழிசையின் முறையே இரண்டில் துணிச்சலானது.

இந்தப் பண்களை இசைத்த யாழ் வழக்கொழிந்த பின், சிலப்பதிகார உரைகளின் இசைக்குறிப்புகள் புதிராகவே நின்றன. 1892-இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தார். ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் பாலைகள் எனப்படும் தாய்ப்பண்களை ச-ப முறையால் விளக்கினார். விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947-இல் வந்தது. மதுரை சற்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராக இருந்த எஸ்.இராமநாதன், ஆய்வாளரும் பாடகருமாக இருந்ததால், இந்தப் பண்களை ஏட்டிலிருந்து குரலுக்குக் கொண்டுவந்தார். சிலப்பதிகார இசை குறித்த அவர் ஆய்வை 1979-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக்கியது.